மண் மறவாத எண்ணெய்

வரலாறு என்றதும் கல்வெட்டும் செப்பேடும் ஏட்டுச்சுவடியுமே பெரும்பாலோர் நினைவுக்கு வருவன. அரசர் அளித்த கொடையும் ஆற்றிய போரும் கல்லிற் பொறிக்கப்பட்டிருப்பின் அவற்றை வரலாற்றுச் சான்று என்று அறிஞர் போற்றுவர். ஆயின், எவரும் எழுத எண்ணாத செய்திகள் சிலவற்றை மண் தானாகவே குறித்து வைத்துக்கொள்கிறது. அதன்மேல் ஊற்றப்பட்டதும், அதனுள் புதைக்கப்பட்டதும், அதனூடே கசிந்ததும் பல்லாண்டுகள் அழியாது கிடக்கின்றன. அந்த ஏட்டைப் புரட்டிப் பார்க்கும் வேளை பெரும்பாலும் மகிழ்ச்சியான வேளையாக இருப்பதில்லை. கிணற்றிலிருந்து மேலே வரும் வாளியில் எண்ணெய் மணக்கும் நாளன்றுதான் மண் எழுதியதைப் படிக்கும் தேவை மனிதருக்கு எழுகிறது.

பெல்மதுளையிலிருந்து தெற்கு நோக்கி இறங்கும் நெடுஞ்சாலை எம்பிலிப்பிட்டியவைக் கடந்து நோனாகமையை அடைகிறது. தேயிலையும் இறப்பரும் போர்த்த சப்பிரகமுவ மலைச்சாரல் பின்னே ஒதுங்க, வளவை கங்கையின் வெளி விரிந்து தோன்றும் இடம் எம்பிலிப்பிட்டிய. 1960களில் உடவளவை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபின் அவ்வெளியிற் குடியேற்றங்கள் பெருகின, வயல்கள் பெருகின, அவற்றோடு உழவு இயந்திரங்களும் லொறிகளும் பெருகின. இயந்திரம் வந்த இடத்திற்கு எண்ணெய் வராதிருத்தல் இயலாது. ஆதலின், நெடுஞ்சாலையோரங்களில் எரிபொருள் நிரப்பு நிலையங்கள் தோன்றின. மக்கள் அவற்றைப் ‘பெற்றோல் செட்’ என்றே வழங்கினர். இறக்குவானை, கஹவத்தைப் பக்கத்துத் தோட்டங்களுக்கோ எண்ணெய் அதற்கு முன்னரே வந்துவிட்டது. லயக் காம்பிராக்களில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் எண்ணெய் எஞ்சின் உறுமியது.

இத்தகைய சாலையோர நிலையமொன்று மூடப்படுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பெயர்ப்பலகை கழற்றப்படும், பம்புகள் பெயர்க்கப்படும், நிலம் கைமாறும். சில ஆண்டுகளில் அவ்விடத்தில் ஒரு கடையோ வீடோ எழும். புதிதாகக் குடிவந்தவர் கொல்லைப்புறத்தில் ஒரு கிணறும் தோண்டுவார். நிலத்தின்கீழ்க் கிடந்த இரும்புத் தாங்கி அகற்றப்பட்டதா, அன்றி மண்ணோடு மண்ணாக விடப்பட்டதா என்று அவரிடம் சொல்வதற்கு ஊரில் எவரும் எஞ்சியிருப்பதில்லை. ஓர் இடத்தின் சிறு வரலாறு மறக்கப்படுவதனால் ஒரு குடும்பத்தின் குடிநீர் கெடக்கூடும் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

இலங்கையில் எரிபொருள் வாணிகம் பலமுறை கைமாறிய ஒன்று. சுதந்திரத்திற்கு முன்னும் அதனையடுத்த ஆண்டுகளிலும் ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் போன்ற அயல்நாட்டுக் கம்பனிகளே அதனை நடத்திவந்தன. 1961 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தினால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. கம்பனிகளின் உடைமைகள் சில அரசுடைமையாயின. நட்டஈடு பற்றிய பிணக்கு முற்றியதனால் 1963 இல் அமெரிக்கா இலங்கைக்கு வழங்கிய பொருளுதவியை நிறுத்தி வைத்தமை அக்காலத்து உலக அரசியலில் ஒரு பெருஞ் செய்தி. 1964 முதல் நாட்டின் எண்ணெய் விநியோகம் முழுவதும் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. 1969 இல் சப்புகஸ்கந்தையில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கிற்று. 2003 இல் இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் கிளை நிறுவனமொன்று இந்நாட்டுச் சில்லறை வாணிகத்திற் புகுந்தது. 2023 இல் சீனத்துச் சினொபெக் நிறுவனமும் வந்து சேர்ந்தது.

ஒவ்வொரு முறையும் பெயர்ப்பலகையின் நிறம் மாறியது, கணக்கேடு மாறியது, பொறுப்பாளர் மாறினர். நிலத்தினுள் இருந்த தாங்கிகளோ இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரு கை விட்டதை மறு கை எடுக்கும்போது, மேலேயிருக்கும் கட்டடமும் பம்பும் எண்ணப்படும். கீழே எத்தனை தாங்கி, எந்த ஆண்டு புதைக்கப்பட்டது, எப்போதாவது கசிந்ததுண்டா என்பவை எண்ணப்படாவிடின், அவ்வறிவு அந்தக் கைமாற்றத்தோடு அற்றுப்போகும்.

தாங்கிகளை நிலத்தினுள் புதைத்ததற்குத் தக்க காரணம் இருந்தது. பெற்றோல் எளிதில் தீப்பற்றும். அதன் ஆவியோ அதனினும் கொடிது. ஊர் நடுவே அதனை வைத்திருக்க வேண்டுமாயின் மண்ணுக்குள் வைத்திருத்தலே பாதுகாப்பு என்று பொறியியலார் கருதினர். தீயிலிருந்து காத்த அந்த ஏற்பாடு, கண்ணிலிருந்தும் மறைத்துவிட்டது. ஈரமண்ணில் கிடக்கும் இரும்பு துருப்பிடிக்கும். தாங்கியின் அடியில் ஊசிமுனையளவு துளை விழுந்தாலும், குழாய்களின் இணைப்பு சற்றே தளர்ந்தாலும், எண்ணெய் துளித்துளியாக வெளியேறும். நாளொன்றுக்குச் சில துளிகளின் இழப்பை விற்பனைக் கணக்குக் காட்டாது. பத்து ஆண்டுகள் கழிந்தபின் அத்துளிகளின் தொகை சிறிதாக இராது.

கசிந்த எண்ணெய் மண்ணில் என் செய்கிறது? முதலில் அது புவியீர்ப்பினால் கீழ்நோக்கி இறங்கும். வழியிலுள்ள மண்துகள்களில் ஒரு பகுதி ஒட்டிக்கொள்ளும். ஒரு பகுதி ஆவியாகி மண்ணின் இடைவெளிகளில் நிற்கும். எஞ்சியது நிலத்தடி நீர்மட்டத்தை அடையும். எண்ணெய் நீரினும் இலேசானது. ஆதலின் நீரின்மேல் மிதந்து பரவும். கோடையில் நீர்மட்டம் தாழும்போது எண்ணெயும் உடன் இறங்கும். மாரியில் நீர் உயரும்போது அதுவும் உயரும். இவ்வாறு ஏறியிறங்கும் தோறும் இடைப்பட்ட மண்ணில் எண்ணெய் பூசப்படுகிறது. கசிவு நின்ற பின்னரும் அப்பூச்சு ஒவ்வொரு மழைக்கும் சிறிது சிறிதாகக் கரைந்து நீரிற் சேரும். ஆண்டில் நீண்ட வரட்சியும் பெருமழையும் மாறி மாறி வரும் எம்பிலிப்பிட்டிய போன்ற இடங்களுக்கு இது மிகப் பொருந்தும்.

பெற்றோலில் கலந்துள்ள பொருள்களுட் கொடியது பென்சீன். நெடுங்காலம் உடலிற் சேர்ந்தால் அது இரத்தப் புற்றுநோயை விளைவிக்கும் என்று மருத்துவ அறிவியல் நிறுவியுள்ளது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 10 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். 10 மைக்கிரோகிராம் என்பது ஒரு கிராமின் இலட்சத்தில் ஒரு பங்கு. ஒரு லீற்றர் பெற்றோலில் நூற்றில் ஒரு பங்கு பென்சீன் இருப்பதாகக் கொண்டு கணக்கிட்டால், அந்த ஒரு லீற்றரே ஏழு இலட்சம் லீற்றர் நீரை அவ்வெல்லையைக் கடக்கச் செய்யப் போதுமானது. இலங்கையில் 2002 ஆம் ஆண்டு வரை விற்பனையான பெற்றோலில் ஈயச் சேர்வையும் கலக்கப்பட்டிருந்தது. ஆகவே, அதற்கு முற்பட்ட பழைய நிலையங்களின் மண்ணை ஆராய்வோர் ஈயத்தையும் சேர்த்தே தேடுதல் வேண்டும்.

இவ்வாபத்தை உலகம் காலந்தாழ்த்தியே உணர்ந்தது. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் கடற்கரைச் சிற்றூர் புரொவின்ஸ்டவுன். 1977 ஆம் ஆண்டு, அவ்வூரின் பொதுக் கிணற்றுத் தொகுதிக்கு அண்மையிலிருந்த ஓர் எரிபொருள் நிலையத்தின் தாங்கியிலிருந்து ஏறத்தாழ 3,000 கலன் பெற்றோல் கசிந்தமை தெரியவந்தது. எண்ணெய் கிணறுகளை நோக்கி ஈர்க்கப்படலாகாது என்று அஞ்சி, நீர் இறைத்தலை நிறுத்தினர். ஊர் வேறு நீர் தேட நேர்ந்தது. மண்ணையும் நீரையும் தூய்மை செய்ய ஆண்டுகள் பல சென்றன. ஒரு தாங்கி, ஓர் ஊரின் நீர்.

இவ்வாறான நிகழ்ச்சிகள் பெருகவே, 1984 இல் அமெரிக்க நாட்டு மன்றம் நிலத்தடித் தாங்கிகளுக்கெனச் சட்டம் இயற்றிற்று. 1988 இல் விதிகள் வகுக்கப்பட்டன. பழைய தாங்கிகளை 1998 ஆம் ஆண்டின் இறுதிக்குள் திருத்துக, மாற்றுக, அன்றேல் மூடுக என்று பத்தாண்டுத் தவணை தரப்பட்டது. அச்சட்டம் வந்தபின் அந்நாட்டிற் கண்டறியப்பட்ட கசிவுகள் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டவை. தேடத் தொடங்கிய பின்னரே இத்தொகை தெரியவந்தது என்பது கருதத்தக்கது. தேடாத நாடுகளிற் கசிவு இல்லை என்று எவர் சொல்லவியலும்?

தமிழ் வழங்கும் நிலமும் இதற்கு விலக்கன்று. சென்னையின் வடபகுதியிலுள்ள தண்டையார்ப்பேட்டையில் 2013 ஆம் ஆண்டு குடியிருப்போரின் ஆழ்துளைக் கிணறுகளில் நீரோடு எண்ணெய் வந்தது. நிலத்தடியிற் சென்ற எண்ணெய்க் குழாயின் கசிவே காரணமென அறியப்பட்டது. செய்தி பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது.

இனி, பழைய எரிபொருள் நிலையமொன்றை ஆராய்வோர் கையாளும் முறை யாது என்பதைக் காணலாம். துளையிடும் பொறி முதலில் வருவதில்லை; முதலில் வருவது ஏடு. அந்நிலம் யாருக்கு உரியதாயிருந்தது, நிலையம் எந்த ஆண்டு தொடங்கியது, தாங்கிகள் எத்தனை, எங்கே புதைக்கப்பட்டன, குழாய்கள் எவ்வழிச் சென்றன, வாகனம் திருத்தும் கொட்டில் இருந்ததா, கழிவெண்ணெய் எங்கே கொட்டப்பட்டது என்பன யாவும் விசாரிக்கப்படும். பழைய வரைபடமும் உறுதியும் வான்வழிப் புகைப்படமும் பார்க்கப்படும். அங்கே பணிபுரிந்த முதியவரைத் தேடிக் கேட்பர். வரலாற்றாசிரியர் செய்வது எதுவோ அதுவே இம்முதற்படி.

இரண்டாம் படியில் மண்ணைத் துளைத்து வெவ்வேறு ஆழத்து மாதிரிகளை எடுப்பர். எண்ணெய் ஆவியை உணரும் கையடக்கக் கருவியால் அவ்விடத்திலேயே முதற்சோதனை நடைபெறும். ஐயத்திற்குரிய மாதிரிகளைக் காற்றுப் புகாத சாடிகளில் அடைத்துக் குளிரூட்டி ஆய்வுகூடத்திற்கு அனுப்புவர். குளிரூட்டாவிடின் பென்சீன் வழியிலேயே ஆவியாகிப் போகும். கெட்ட நீர் நல்ல நீர் என்று அறிக்கை பெறும்.

மூன்றாம் படி நிலத்தடி நீரின் போக்கை அறிதல். இதற்குக் குறைந்தது மூன்று கண்காணிப்புத் துளைகள் வேண்டும். ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று புள்ளிகளில் நீர்மட்டத்தின் உயரம் தெரிந்தால், நீர்ப்பரப்பு எப்பக்கம் சரிந்துள்ளது என்பதைக் கேத்திரகணிதம் கற்ற மாணவனும் வரைந்து காட்டிவிடுவான். நீர் சரியும் பக்கத்திலேதான் மாசும் செல்லும். அப்பக்கத்து வீட்டாரின் கிணறுகளையே முதலிற் சோதித்தல் வேண்டும். ஆய்வுகூடத்தில் எண்ணெயின் கூறுகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் கருவிகள் உள. பெற்றோலின் கூறுகள் ஒருவகையாகவும், டீசலின் கூறுகள் வேறுவகையாகவும், எஞ்சினிற் பயன்பட்டுக் கழிந்த எண்ணெய் மற்றொரு வகையாகவும் தோன்றும். எனினும், நெடுங்காலம் மண்ணிற் கிடந்த எண்ணெய் சிதைந்து தன் அடையாளத்தை இழக்கத் தொடங்கும். அப்போது கருவியின் சொல் மட்டும் போதாது. மீண்டும் ஏட்டின் சொல்லே துணையாக வேண்டும்.

அந்த ஏட்டின் சொல் இல்லாதவிடத்து என்ன நேரும் என்பதை இலங்கைக்குக் காட்டியது எரிபொருள் விற்பனை நிலையமொன்றன்று; எண்ணெய் எரித்து மின்சாரம் எடுத்த ஒரு வளவு. அது யாழ்ப்பாணக் குடாநாட்டின் நடுவே, சுன்னாகத்தில் உள்ளது.

யாழ்ப்பாணத்தின் நிலம் சுண்ணாம்புக் கல்லாலானது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு அங்கே இல்லை. மாரியில் ஓடிக் கோடையில் வற்றும் வழுக்கையாறு ஒன்றே உண்டு. மழைநீர் கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, கடலிலிருந்து ஊறிய உவர்நீரின்மேல் நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணறு அவ்வமைப்பினை உலகறியக் காட்டும் சான்று. மலைநாட்டுத் தோட்டத்தார்க்குப் பீலி எவ்வாறோ, யாழ்ப்பாணத்தார்க்குக் கிணறு அவ்வாறு. குடித்தற்கும் குளித்தற்கும் புகையிலைக்கும் வெங்காயத்திற்கும் நெடுங்காலம் அதுவே நீராதாரமாயிருந்தது. ஆனால், சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் நீரை விரைந்து உட்கொள்வது போலவே அழுக்கையும் விரைந்து உட்கொள்ளும். மணலைப்போல் வடிகட்டும் தன்மை அவற்றுக்கு இல்லை.

சுன்னாகத்தில் 1958 ஆம் ஆண்டு அரசின் மின்சாரத் திணைக்களம் எண்ணெயால் இயங்கும் மின் நிலையமொன்றைத் தொடங்கிற்று. 1969 இல் இலங்கை மின்சார சபை தோன்றியபின் அந்நிலையம் சபையின் கைக்கு வந்தது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் குடாநாடு நாட்டின் பொது மின்வலைப்பின்னலிலிருந்து துண்டுபட்டது. ஆகவே, யாழ்ப்பாணத்தின் விளக்குகள் எரிய வேண்டுமாயின் எண்ணெய் எரிக்கப்பட்டே ஆதல் வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. 2009 ஆம் ஆண்டளவில் நொதேர்ண் பவர் கம்பனி என்னும் தனியார் நிறுவனம் அங்கே மின்னுற்பத்தி தொடங்கியது. 2013 இல் மின்சார சபை ‘உத்துரு ஜனனி’ என்னும் 24 மெகாவாற்று நிலையத்தை அமைத்தது. இவ்வாறு, ஏறத்தாழ ஒரே சுற்றாடலில், அரைநூற்றாண்டுக்கு மேலாக, பல கைகள் எண்ணெயைக் கையாண்டன.

பின்னர், சுற்றியுள்ள வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் மணப்பதாக முறைப்பாடுகள் எழுந்தன. முதலில் சுன்னாகத்தில் எழுந்த குரல் மல்லாகம், ஏழாலை, தெல்லிப்பழை என்று விரிந்தது. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் யாழ்ப்பாண ஆய்வுகூடம் 2013 ஆம், 2014 ஆம் ஆண்டுகளில் நிலையத்தைச் சூழ்ந்த 150 கிணறுகளைச் சோதித்தது. அவற்றுள் 109 கிணறுகளில், அஃதாவது நூற்றுக்கு 73 வீதமானவற்றில், எண்ணெயும் கொழுப்பும் குடிநீருக்கு விதித்த அளவினை மிஞ்சியிருந்தன. 35 கிணறுகளில் மட்டுமே அவை காணப்படவில்லை. கிணறு இருந்த வீட்டார் பவுசர் வண்டி வரும்வரை வாளியோடு தெருவிற் காத்திருந்தனர். தம் வளவின் கிணற்றைத் தம் பிள்ளைகளுக்கு விலக்கி வைக்க நேர்ந்த தாய்மாரின் துயரை எந்த அறிக்கையின் அட்டவணையும் காட்டாது.

2015 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மக்கள் வீதிக்கு வந்தனர். மல்லாகம் நீதவான் நீதிமன்றத்திலும் வழக்கு எழுந்தது. தனியார் நிலையத்தின் மின்னுற்பத்தி நிறுத்தப்பட்டது. ஆனால், உண்மை யாது என்பதில் அறிஞர்களே ஒருமித்திலர். வடமாகாண சபை நியமித்த நிபுணர் குழுவின் முடிவு நீர்வழங்கல் சபையின் முடிவோடு இசையவில்லை. ஓர் அறிக்கை அஞ்சுக என்றது; மற்றோர் அறிக்கை அஞ்சற்க என்றது. எந்தக் கிணறு, எந்த மாதம், எந்த முறையாற் சோதிக்கப்பட்டது என்பதைப் பொறுத்து முடிவுகள் வேறுபடுவது அறிவியலில் அரிதன்று. ஆயின், இரண்டு அறிக்கைகளுக்கிடையே நின்ற குடியானவனுக்கு அன்று மாலை எந்த நீரைக் குடிப்பது என்பதே வினா.

அதனினும் கடிய வினா ஒன்று இருந்தது: எண்ணெய் யாருடையது? பழைய அரசு நிலையத்தின் கழிவா, போர்க்காலத்துச் சிதைவா, புதிய கம்பனியின் கழிவா? 1958 முதல் எத்துணை எண்ணெய் வந்தது, எத்துணை எரிந்தது, எஞ்சிய கழிவு எங்கே சென்றது என்னும் தொடர்ச்சியான குறிப்பும், கிணறுகளின் நீர்த்தன்மை பற்றிய பழைய அளவீடும் இருந்திருப்பின் இவ்வினாவிற்கு விடை காண்பது எளிதாயிருக்கும். அவை இல்லாதவிடத்து, ஒருவர் மற்றவரைச் சுட்டுதல் இயல்பாயிற்று. பலர் கை பட்ட பழி எவர் தலையிலும் இறங்காது மிதக்கும். நீரின்மேல் எண்ணெய் மிதப்பது போலவே அதுவும்.

அவ்வாறு மிதக்க விடாது பிடித்து நிறுத்தியது இந்நாட்டின் உயர் நீதிமன்றம். ரவீந்திர குணவர்தன காரியவசம் என்னும் சூழலியல் ஆர்வலர் 2015 ஆம் ஆண்டு அடிப்படை உரிமை மனுவொன்றைத் தாக்கல் செய்தார். யாழ்ப்பாணத்துக் கிணறுகளுக்காகச் சிங்களப் பெயருடைய ஒருவர் கொழும்பில் வழக்காடினார் என்பது இந்நாட்டின் அண்மைக்கால வரலாற்றிற் குறிப்பிடத்தக்க ஒரு செய்தி. 2019 ஏப்ரல் 4 ஆம் நாள் தீர்ப்பு வெளியாயிற்று; நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன அதனை எழுதினார். நொதேர்ண் பவர் கம்பனியின் செயலால் நிலத்தடி நீர் மாசுற்றது என்று நீதிமன்றம் கண்டது. மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் முதலீட்டுச் சபையும் தம் கடமையிற் தவறின என்றும் கூறியது. சுன்னாகப் பகுதி மக்கள் அடைந்த இழப்பின் ஒரு பகுதிக்கேனும் ஈடாக 2 கோடி ரூபா செலுத்துமாறு கம்பனிக்குக் கட்டளையிட்டது.

இத்தீர்ப்பு இரண்டு கொள்கைகளை ஊன்றி நின்றது. மாசு செய்தவரே அதற்குரிய செலவைத் தாங்குதல் வேண்டும் என்பது ஒன்று. நிலத்தடி நீர் போன்ற இயற்கை வளங்கள் மக்கள் பொருட்டு அரசு பொறுப்பேற்றுக் காக்கும் உடைமை என்பது மற்றொன்று. இரண்டாவது கொள்கை இந்நாட்டிற்குப் புதியதன்று. எப்பாவலைப் பொஸ்பேற்றுப் படிவு பற்றிய 2000 ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே, மகிந்த தேரர் தேவநம்பிய தீசனுக்கு உரைத்ததாக வரும் பழைய மொழி நினைவுகூரப்பட்டது. மண்ணுக்கு மன்னன் காவலனேயன்றி உடையவனல்லன் என்பது அதன் கருத்து. ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அறம் ஒன்று சுன்னாகத்துக் கிணற்றடி வரை வந்து சேர்ந்தது என்று கொள்ளலாம்.

எனினும், தீர்ப்பினால் மண் உடனே தூய்மையாவதில்லை. மண்ணை அகழ்ந்து அகற்றலாம். மண்ணினுள் காற்றைச் செலுத்தி ஆவியை உறிஞ்சலாம். நீரை இறைத்துச் சுத்திகரிக்கலாம். எண்ணெயை உண்ணும் நுண்ணுயிர்களுக்குத் துணைபுரிந்து சிதைக்கச் செய்யலாம். இவை யாவும் பொருட்செலவும் காலமும் வேண்டுவன. கசியாமற் காத்தற்கு ஆகும் செலவு இவற்றின் முன்னே மிகச் சிறிது.

எம்பிலிப்பிட்டியவிற்குச் சுன்னாகம் உணர்த்தும் பாடம் என்ன? அங்கும் 2005 ஆம் ஆண்டு முதல் 100 மெகாவாற்று ஆற்றலுள்ள, எண்ணெயால் இயங்கும் மின் நிலையமொன்று மின்னுற்பத்தி செய்தது. அதனாலோ அவ்வூர் எரிபொருள் நிலையங்களாலோ நீர் கெட்டதென்று ஈண்டுக் கூறப்படவில்லை. குற்றம் கண்டபின் எழுதுவது வழக்கு. குற்றம் நிகழுமுன் குறித்து வைப்பதே காவல். வளவைப் பிரதேசத்துக் கிணறுகள் சிலவற்றிற் பாறையிலிருந்து கரைந்த புளோரைட் மிகுதியென்பது ஏற்கெனவே அறியப்பட்ட செய்தி. இயற்கை தந்த அக்குறையோடு மனிதர் தரும் குறையும் சேர்ந்தால் அந்நீரை நம்பியவர் தாங்கமாட்டார்.

செய்யத்தக்கவை அரியனவல்ல. ஒவ்வோர் எரிபொருள் நிலையத்தின் தாங்கிகளும் எங்கே, எந்த ஆண்டு புதைக்கப்பட்டன என்னும் பதிவேடு பிரதேச சபையில் இருத்தல் வேண்டும். நிலையம் மூடப்படும்போது தாங்கி அகற்றப்பட்டதா என்பது எழுத்தில் உறுதிசெய்யப்படல் வேண்டும். நிலம் விற்கப்படும்போது அக்குறிப்பும் உறுதியோடு கைமாறுதல் வேண்டும். அயலிலுள்ள கிணறுகளின் நீர் நலமாயிருக்கும்போதே ஒருமுறை சோதிக்கப்பட்டு, அம்முடிவு பேணப்படல் வேண்டும். நல்ல நீருக்கு இன்று எழுதப்படும் சான்று, நாளை அது கெட்டால் யார் கெடுத்தார் என்று சொல்லும் சாட்சியாகும். தோட்டங்களிலும் தொழிற்சாலை எண்ணெய்க் கொட்டிலுக்குக் கீழ்ப்புறத்தில் பீலியோ கிணறோ இருப்பின், அதுவும் இவ்வாறே குறித்து வைக்கப்படல் நன்று.

நீரில் எண்ணெய் மணத்தாலோ, மேற்பரப்பில் வானவில்போல் நிறங்கள் மின்னினாலோ அந்நீரை அருந்துதல் தகாது. கொதிக்க வைத்தலாற் கிருமி சாகுமேயன்றி, எண்ணெய் முற்றும் நீங்கும் என்று நம்புதலாகாது; அதன் ஆவி அடுக்களையை நிறைக்கும். பொதுச்சுகாதாரப் பரிசோதகருக்கும் நீர்வழங்கல் சபைக்கும் அறிவித்து, நீரைச் சோதிப்பித்தலே முறை. அறிவித்த நாளையும் பெற்ற விடையையும் குறித்து வைத்தலும் முறையே.

தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழியாதே என்று தமிழ் மக்கள் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். சுன்னாகத்தார் தம் தண்ணீரைப் பழிக்க விரும்பியவரல்லர். பழிக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டவர். கிணற்றுக்குரியவன் தன் நீர் கெட்டதென்பதையும், கெடுத்தவர் இன்னாரென்பதையும் தானே நிறுவ வேண்டியிருந்தமையே அங்கு நேர்ந்த துயரங்களுட் பெரிது. எண்ணெயைக் கையாண்டவர் ஒழுங்காக ஏடு எழுதியிருப்பின் அச்சுமை அவன் தோளில் ஏறியிராது. மண் எதையும் மறப்பதில்லை. அதன்மேல் வாழ்வோரும் மறவாதிருக்க ஏட்டிற் சில வரிகள் எழுதி வைத்தல் போதும்.